45,000 வந்ததும் நிறுத்தலாமா?

நண்பரே, நியூயார்க் ஆளுநர் தேர்தலில் உங்கள் சுயேச்சை வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் வரத் தேவையான 45,000 கையெழுத்து மனுவில் சேர்ந்ததும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மனுவுக்கு ஆட்சேபம் வந்தால் வரிவரியாகப் பார்ப்பார்கள். தேதி விட்டுப்போனாலோ, போட்டவர் பதிவுபெற்ற வாக்காளர் இல்லையென்றாலோ, அதே பதவிக்கு இன்னொருவர் மனுவில் முன்பே கையெழுத்திட்டிருந்தாலோ அந்தக் கையெழுத்தை அடித்துவிடுவார்கள். அந்த 45,000-இல் பாதியளவு கூடுதலாக வாங்குங்கள்.

முன்பு 15,000 போதும் என்றிருந்ததை 2020-இல் மும்மடங்காக்கியது பெரிய அநியாயம். 2024 அதிபர் தேர்தலில் அங்கே வாக்குச்சீட்டில் அச்சானது இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் மட்டும்தான்.

அப்புறம், நியூயார்க் நகரத்துக்குள்ளேயே சுற்றாதீர்கள். மாநிலத்தின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிகளில் பாதியிலாவது தலா 500 கையெழுத்து வேண்டும். கையெழுத்து வாங்க இருப்பது ஆறே வாரம். மாநிலத்தின் மேற்கே இருக்கும் பஃபலோ, ராச்செஸ்டர் பக்கம் முதல் நாளே ஆள் அனுப்பிவிடுங்கள்.