காபி கொட்டி, பவர் பட்டனும் போன லேப்டாப்பை ஆன் செய்வது எப்படி?

கேள்வி: "ஏற்காட்டில் தங்கி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். லேப்டாப் கீபோர்டில் பால் காபி கொட்டிவிட்டது. துடைத்து, அரிசிக்குள் புதைத்து வைத்தேன். சார்ஜர் போட்டால் விளக்கு எரிகிறது. பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. பட்டன் இல்லாமல் ஆன் செய்ய வழி இருக்கிறதா?"

இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அதைச் செய்யாதீர்கள். பட்டன் வேலை செய்யாததால்தான் உங்கள் மதர்போர்டு (உள்ளே இருக்கும் முக்கியச் சர்க்யூட் பலகை) இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள்.

சேலம் அஸ்தம்பட்டியில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். ஏற்காட்டுக்குப் போகும் சாலை எங்கள் பக்கம்தான் என்பதால் எஸ்டேட், விடுதி, பள்ளி என்று மலையிலிருந்து நனைந்த லேப்டாப்கள் நிறைய இறங்கி வருகின்றன. பாதிக்கு மேல் அரிசி ஒட்டிக்கொண்டுதான் வரும். 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில், தீப்பெட்டியே நமுத்துப்போகிறது. அங்கே அரிசி எந்த ஈரத்தை உறிஞ்சும்? உறிஞ்சினாலும் தண்ணீர்தான் போகும். பாலும் சர்க்கரையும் போர்டிலேயே தங்கிவிடும்.

சேதத்தைச் செய்வது ஈரம் மட்டுமன்று, ஈரத்தோடு சேர்ந்த மின்சாரம். லேப்டாப்பை அணைத்துவிட்டாலும் பேட்டரி இணைந்திருக்கும் வரை போர்டின் சில தடங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பட்டன் அழுத்தப்படுகிறதா என்று காத்திருக்கும் சின்ன ஐ.சி.க்கு, அதாவது சிப்புக்கு, அந்த மின்சாரம் வேண்டும். காபி படிந்த இடத்தில் அதுவே செம்பை அரித்துப் பச்சைக் களிம்பாக்குகிறது. ஆகவே பின்மூடியைத் திறந்தவுடன் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. நாணயம் போன்ற சிறு பேட்டரி தனியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்வதில் பலரும் தவறவிடும் ஒன்று: ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சர்க்கரை ஏறத்தாழ கரையவே கரையாது. ஆல்கஹாலை மட்டும் ஊற்றித் தேய்த்தால் பிசுபிசுப்பு இடம் மாறுமே தவிர போகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை முதலில் எடுங்கள். மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால், கறை தெரியும் இடங்களில், குறிப்பாக கனெக்டர்களைச் சுற்றி, மெதுவாகத் தேயுங்கள். அதன் பிறகு 99 சதவீத ஆல்கஹால். அது மிச்சமிருக்கும் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு ஆவியாகிவிடும். மொபைல் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் உண்டு. ஹேர் டிரையரும் வேண்டாம், ஈரத்தை ஐ.சி.களுக்கு அடியில் தள்ளிவிடும். மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயட்டும். மழைக்காலமாக இருந்தால் மலையில் காயவைப்பதை விடக் கீழே யாராவது உறவினர் வீட்டில் வைத்து எடுத்துப்போவது மேல். திரைக்குப் போகும் கேபிளின் கனெக்டரைத் தவறாமல் கழற்றிப் பாருங்கள். திரையின் பின்விளக்குக்கான உயர்ந்த வோல்ட்டேஜும் நுட்பமான சிக்னல் தடங்களும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அங்கு களிம்பு இருக்கும்போது ஆன் செய்தால் பிராசசரே போய்விடலாம்.

இனி பட்டனுக்கு வருவோம். லேப்டாப் பவர் பட்டன் விளக்கு சுவிட்சைப் போல முழு மின்சாரத்தையும் திறந்துவிடுவதில்லை. சுமார் 3.3 வோல்ட் நிற்கும் ஒரு தடத்தை ஒரு கணம் கிரவுண்டோடு (பூஜ்ய வோல்ட் தடத்தோடு) சேர்க்கிறது, அவ்வளவுதான். மற்றதை ஐ.சி. பார்த்துக்கொள்ளும். எனவே பட்டன் போய்விட்டது என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அழுத்தினாலும் தொடர்பு ஏற்படவில்லை. மற்றது, காபி உள்ளே ஷார்ட் ஆகி, எப்போதும் அழுத்தியபடியே இருக்கிறது. தானாக ஆன் ஆகிச் சில நொடிகளில் அணையும் லேப்டாப்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பட்டனை நான்கு நொடிக்கு மேல் பிடித்தால் அணைத்துவிடுவது பெரும்பாலான லேப்டாப்களின் இயல்பு அல்லவா?

பட்டன் தனிச் சிறு போர்டில் இருந்து, ரிப்பன் கேபிளில் இணைந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டரியை இணைத்து, சுவிட்சின் இரு முனைகளையும் டுவீசரால் (சிறு இடுக்கியால்) ஒரு நொடி தொட்டு எடுங்கள். நான்கு கால் சுவிட்ச் என்றால் குறுக்காக எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டைத் தொடுங்கள்; மற்ற ஜோடிகளில் ஒன்று உள்ளுக்குள் ஏற்கெனவே இணைந்திருக்கும். பட்டன் கீபோர்டுக்குள்ளேயே ஒரு விசையாக இருந்தால் கீபோர்டு கனெக்டரில் ஊகித்துத் தொடாதீர்கள். சிலவற்றில் பக்கத்து முனையிலேயே 5 வோல்ட் இருக்கும். போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்து சர்க்யூட் வரைபடம் தேடி, முனையை உறுதி செய்துகொண்ட பிறகே தொட வேண்டும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு கடைக்கு வந்துவிடுங்கள்.

ஆன் ஆகிவிட்டால் முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள், அழகு பார்ப்பதெல்லாம் பிறகு. அடுத்து பயாஸை, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையை, பாருங்கள். டெல் லாட்டிட்யூட் போன்ற அலுவலக மாடல்கள் பலவற்றில் சார்ஜர் செருகினாலோ மூடியைத் திறந்தாலோ தானாக ஆன் ஆகும் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டால் புதிய கீபோர்டு வரும் வரை பட்டன் தேவையில்லை.

டுவீசரால் தொட்டும் அசைவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு பட்டனில் இல்லை, போர்டில் இருக்கிறது. சார்ஜர் விளக்கு எரிவதை வைத்து போர்டு நலம் என்று முடிவு கட்ட முடியாது. போர்டைச் சரிசெய்ய ஆகும் செலவை முதலில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பழைய மாடலாக இருந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோப்புகள் இருக்கும் எஸ்.எஸ்.டி. கழற்றக்கூடியதாக இருந்தால் யு.எஸ்.பி. பெட்டி ஒன்றில் போட்டு வேறு கணினியில் திறக்கலாம். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் பேட்டரி கனெக்டரைக்கூடத் தொடாமல், அணைத்தபடியே அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். திருகைக் கழற்றியது தெரிந்தால் காபிச் செலவோடு போர்டுச் செலவும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.