பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ஏர்கோன்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும், ஏர்கோன் (ஏசி) வேலை தெரிந்த ஒருவர் தந்த பதில்களும். பெயருக்குப் பதிலாகக் காரும் ஊரும்.

டட்சன் 240இசட், சுங்கை சிப்புட்: அண்ணே, வண்டியில் பழைய யார்க் கம்ப்ரசர் இருக்கு. ஆர்12 கேஸ் எங்கேயும் கிடைக்கல. ஆர்134ஏ போட்டா ஓடுமா? எதையெல்லாம் மாத்தணும்?

ஆர்12 என்ற பழைய குளிர்விக்கும் கேஸ் இனி கிடைக்காது தம்பி. ஓசோன் படலத்தைக் காக்கும் மோன்ட்ரியல் ஒப்பந்தப்படி நம்மைப் போன்ற நாடுகளிலும் 2010-லேயே அதன் கதை முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ போடலாம். ஆனால் கேஸை மட்டும் மாற்றினால் சீக்கிரமே கம்ப்ரசர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆர்12-க்கு ஊற்றிய மினரல் எண்ணெய் ஆர்134ஏ-யில் கரையாது. அது கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும் முன்பக்கப் பாகம்) அடியில் தங்கிவிடும், கம்ப்ரசருக்குத் திரும்பி வராது.

யார்க்கைக் கழற்றிவிடுங்கள். கனம் அதிகம், அதிர்வும் அதிகம். சாண்டன் கம்பெனியின் எஸ்டி5எச்14 கம்ப்ரசர் போதும். பழைய பேர் 508, கொள்ளளவு 138 சிசி. இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு 155 சிசி உள்ள எஸ்டி7எச்15 தேவையில்லை. கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பொருத்தியதும் நேரான இரும்புச் சட்டத்தைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெல்ட் கத்தும், பிறகு அறுந்துவிடும்.

கண்டென்சர்தான் இந்த வேலையின் உயிர். 60 டிகிரியில் ஆர்12-இன் அழுத்தம் சுமார் 207 பிஎஸ்ஐ, ஆர்134ஏ-க்கு 229. பழைய குழாய்-தகடு கண்டென்சர் அந்தச் சூட்டை இறக்கித் தராது. பல மெல்லிய குழாய்களில் கேஸ் ஒரே நேரத்தில் ஓடும் பேரலல் ஃபுளோ வகையில், ரேடியேட்டர் முன்னால் இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரியதாகப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, நான்கு ஓரத்தையும் ஸ்பாஞ்ச் பட்டையால் அடையுங்கள். அடைக்காவிட்டால் காற்று சுலபமான வழியைத் தேடிச் சுற்றிப் போய்விடும். அதோடு 12 அங்குல மின்விசிறி, தனி ரிலே. தோட்டத்துச் செம்மண் தூசி தகடுகளுக்குள் சேறாக ஒட்டும், ஆகவே மாதம் ஒரு முறை உள்பக்கத்திலிருந்து வெளியே தண்ணீர் அடியுங்கள்.

ஹோஸ் எல்லாம் கேஸ் கசியாத பேரியர் வகை, ஓ-ரிங் எல்லாம் பச்சை எச்என்பிஆர் ரப்பர். ஈரத்தை உறிஞ்சும் டிரையர் புதிது, உள்ளே எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 குருணை இருக்க வேண்டும். கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வும் புதிது. கூலிங் காயிலை வைத்துக்கொள்வதானால் ஃப்ளஷ் செய்து நைட்ரஜனால் ஊதிக் காய வையுங்கள். எண்ணெய், ஆர்134ஏ-வோடு சேரும் பேக் 100 வகை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். திறந்த டின்னை மறுநாள் பயன்படுத்தாதீர்கள்.

ஆல்டர்னேட்டர் 45 ஆம்பியர்தானே? 280இசட்எக்ஸ்-இன் 60 ஆம்பியர் பொருந்தும். உங்கள் வண்டியின் ஃபியூஸ் பெட்டி விளக்குச் சுமைக்கே உருகும் பலவீனமானது. காற்றை உள்ளே ஊதும் புளோவர், கம்ப்ரசர் கிளட்ச், கண்டென்சர் விசிறி மூன்றுக்கும் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்கள்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7, தாப்பா: மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேஸ் டாப் அப் பண்றேன். எந்த கேஸ் ரொம்ப நாள் நிக்கும் அண்ணே?

கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. குறைகிறதென்றால் ஒழுகுகிறது. டாப் அப் செய்யும்போதெல்லாம் எவ்வளவு கேஸ் இருக்கிறது, எவ்வளவு எண்ணெய் போயிருக்கிறது என்ற கணக்கே இல்லாமல் ஊற்றுகிறீர்கள்.

முழுவதையும் இறக்கி, நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஷெட்டிலேயே நிற்கும் வண்டி என்றால் கம்ப்ரசரின் முன் ஷாஃப்ட் சீலை முதலில் பாருங்கள். கிளட்ச் தட்டின் பின்னால் எண்ணெய்க் கறை தெரியும். ஓட்டாவிட்டாலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஏர்கோனைப் போட்டுவிட்டால் சீல் காயாது.

ஒழுக்கை அடைத்த பிறகு வாக்குவம் 45 நிமிடம், பம்பை நிறுத்தி முள் அரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். உள்ளே தங்கும் நீர் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். கேஸைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்: பழைய ஸ்டிக்கரில் இருக்கும் ஆர்12 எடையில் 85 சதவீதம். கண்டென்சர் மாற்றியிருந்தால் 70-இல் தொடங்கி 50 கிராம் 50 கிராமாக ஏற்றுங்கள். காற்று அதற்கு மேல் குளிராது என்றானதும் நிறுத்திவிடுங்கள்.

எம்ஜிபி 1965, கோலகங்சார்: ஐயா, ஏர்கோன் கிட் வாங்கிவிட்டேன். பொருத்தும் முன் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை வண்டி பாடியோடு சேர்ந்தது), டைனமோ. கிட்டின் விசிறி, சுவிட்ச் எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. முதலில் வண்டியை நெகட்டிவுக்கு மாற்றி ஆல்டர்னேட்டர் போடுங்கள் ஐயா. அது முடியும்வரை கிட்டைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

செலிக்கா, பீடோர்: கேஜில் எத்தனை பிஎஸ்ஐ காட்டினால் கேஸ் போதும்?

வண்டி நிற்கும்போது கேஜ் கேஸின் அளவைச் சொல்லாது. 32 டிகிரி வெயிலில் ஆர்134ஏ சுமார் 103 பிஎஸ்ஐ காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் 700 இருந்தாலும். ஓடும்போது, 1500 ஆர்பிஎம்மில், லோ பக்கம் (குறைந்த அழுத்தம்) 30 முதல் 40, ஹை பக்கம் 200 முதல் 240. கேஸ் போடும் முறை தாப்பாக்காரருக்கான பதிலில் இருக்கிறது.

பட்டறை வைத்திருப்பவர், தெலுக் இந்தான்: இவ்வளவு செலவு எதுக்கு அண்ணே? எச்.சி. (ஹைட்ரோகார்பன்) கேஸ் போட்டா பழைய எண்ணெயோட சேரும், ஹோஸ் மாத்த வேணாம், ஆர்134ஏ-யில பாதிகூட வேணாம், குளிரும் நல்லா வருது. வீட்டு ஃபிரிட்ஜிலேயே இப்ப அதுதானே இருக்கு?

குளிர் வரும், எண்ணெயோடு சேரும், அளவு குறைவு: மூன்றும் உண்மை. ஆனால் அது புரொப்பேனும் பியூட்டேனும், சமையல் கேஸ் உறவு. ஃபிரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவு, ஃபேக்டரியில் அடைத்து மூடியது, யாரும் போய் மோதுவதில்லை. காரில் கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள், பயணியின் முழங்காலுக்கு எதிரே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 300 கிராம் கலவை ஆவியானால் சுமார் 140 லிட்டர். இரண்டு பேர் வண்டியின் உள்ளிடம் தாராளமாக 2000 லிட்டர் என்றே வையுங்கள், 7 சதவீதம் வருகிறது. காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். பழைய புளோவர் மோட்டாரின் கரித்துண்டில் பொறி எப்போதும் உண்டு.

தெலுக் இந்தான்: மொத்தமும் உள்ளயா ஒழுகும்? பாதி வெளியே போகாதா?

பாதி உள்ளே வந்தாலும் மூன்றரை சதவீதம். கால்வாசி வந்தாலும் எல்லைக்கு ஒட்டி நிற்கிறது.

எம்ஜிபி, கோலகங்சார்: பழைய வண்டியில் கதவு இடுக்கெல்லாம் காற்றுப் போகுமே. தேங்காது என்று நினைக்கிறேன்.

துணிக்கூரையைத் திறந்து ஓட்டும்போது சரி ஐயா. கூரை மூடி ஷெட்டில் நிற்கும்போது? இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கால் வைக்கும் பள்ளத்தில் போய்ப் படுக்கும். மறுநாள் சாவியைத் திருப்பி புளோவரைப் போடுவது வண்டிக்காரர்.

தெலுக் இந்தான்: பத்து வருசமா போடுறேன், ஒண்ணும் ஆகல.

விபத்தில் முன்பக்கம் நசுங்கினால் முதலில் உடைவது கண்டென்சர், பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட். உங்களுக்குப் பின் இன்னொரு பட்டறையில் ஆர்134ஏ என்று நம்பி மெஷினில் இழுப்பார்கள், அங்கே இருக்கும் பையனுக்கும் ஆபத்து. குறைந்தபட்சம் நீங்கள் போட்ட வண்டிகளின் பானட்டில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். யாராவது வீட்டு ஏசியில் பயன்பட்ட ஆர்22 கேஸ் போடலாமா என்று கேட்க நினைத்தால், அதுவும் கூடாது: கார் ஹோஸும் கம்ப்ரசரும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல.

ஃபேர்லேடி, சிம்மோர்: ஓடும்போது குளிர், சிக்னலில் நின்றால் சூடு. கேஸ் குறைவா?

இல்லை. கண்டென்சர் விசிறி. மேலே முதல் பதில்.

செலிக்கா, கம்பார்: கேஸ் டாப் அப் எந்தக் கடையில் நல்லா பண்ணுவாங்க?

தராசும் வாக்குவம் பம்பும் இல்லாத எந்தக் கடையிலும் வேண்டாம்.

எம்ஜிபி 1972, ஈப்போ: தம்பி, எல்லாம் புதுசு, கேஜும் நீங்க சொன்ன அளவுதான். ஆனாலும் காற்று 15 டிகிரிக்குக் கீழே வரமாட்டேங்குது. காலெல்லாம் சூடு.

நல்ல கேள்வி அக்கா, கேஜ் சரி என்றால் சூடு வேறு வழியில் வருகிறது. இன்ஜினைச் சூடாக்கி, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாயையும் தொட்டுப் பாருங்கள். ஹீட்டரை மூடிய நிலையிலும் இரண்டும் சூடாக இருந்தால் வால்வு ஒழுகுகிறது. கொதிநீர் உள்ளே ஓடி, குளிர்ந்த காற்றைத் திரும்பச் சூடாக்குகிறது. நம் ஊரில் ஹீட்டர் எதற்கு? இன்ஜின் பக்கத்திலேயே இரண்டு முனையையும் ஒரே குழாயால் இணைத்துவிடுங்கள். முனைகளை வெறுமனே அடைத்துவிடாதீர்கள்.

அடுத்து வெளிக்காற்று மூடி. ஓரத்து ஸ்பாஞ்ச் பொடிந்துபோயிருக்கும், வெளியே இருக்கும் ஈரக்காற்று முழுவதும் உள்ளே வரும். அந்த ஈரத்தைத் தண்ணீராக இறக்குவதிலேயே கூலிங் காயிலின் சக்தி பாதி போய்விடும். புது ஸ்பாஞ்ச் ஒட்டி, உள்காற்றையே சுற்ற விடுங்கள். பிறகு கியர் டன்னல் மேல் பியூட்டைல் தகடும் அதன் மேல் மூடிய நுரையும். இந்த மூன்றும் முடிந்தால் 8, 9 டிகிரி எதிர்பார்க்கலாம்.

ஆர்எக்ஸ்-7, தாப்பா: பயணி காலில் தண்ணீர் சொட்டுது.

டிரெயின் குழாய் அடைப்பு. கீழேயிருந்து மெதுவாக ஊதுங்கள். கம்பி விடாதீர்கள், காயில் ஓட்டையாகும்.