ஜெர்மனியில் ஊடக ஆய்வுக்கு ஆங்கிலம் போதுமா?

தம்பி, ஜெர்மனியில் ஊடகவியல் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆங்கிலத்தை வைத்தே சமாளிக்கலாமா, குளிருக்கு என்ன வாங்குவது, அரிசி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசி கிடைக்கும். ஜாக்கெட் இங்கே வந்து வாங்குங்கள். மொழியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

"பத்து வருஷமா இருக்கேன், ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது" என்று பெருமையடிக்கும் ஐடி அண்ணன்மார் இங்கே நிறைய. அவர்கள் பிழைப்பு ஆங்கிலத்திலேயே ஓடிவிடும். நமக்கு நாளிதழும் டிவி விவாதமும்தான் ஆய்வுப் பொருளே. விஸ்காம் முடித்து வருகிற நம் பிள்ளைகளுக்குக் கேமரா தெரிகிற அளவுக்குப் புள்ளியியல் தெரியாது. இங்கே அதுதான் சோறு போடும். செய்திகளை வகை பிரித்து எண்ணிப் பார்க்கும் உள்ளடக்கப் பகுப்பாய்வில் ஒரே செய்தியை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, இது பாராட்டா கிண்டலா என்பதுபோலக் குறியிடுவார்கள். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குக் கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா என்று ஒரு அளவு. 0.80-க்கு மேல் வந்தால் நிம்மதி, 0.667-க்குக் கீழே போனால் அந்தக் குறியீட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஜெர்மன் தெரியாமல், எழுதியவர் பாராட்டுகிறாரா கிண்டலடிக்கிறாரா என்று பிடிபடாத ஆளை இந்த வேலையில் யார் சேர்ப்பார்கள்? வந்த புதிதில் மற்றவர்கள் குறியிட, நான் அட்டவணை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்று சூடொய்ச்ச சைட்டுங் நாளிதழின் முதல் பக்க நையாண்டிப் பத்தியைப் படித்து ரயிலில் தனியாகச் சிரிக்கிறேன். அந்த ஆல்ஃபாவைத் தந்த கிளவுஸ் கிரிப்பெண்டார்ஃபே ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா போனவர். வியன்னாவிலிருந்து 1933-இல் அங்கே போன ஊடக ஆய்வு முன்னோடி பால் லாசர்ஸ்ஃபெல்டும் அப்படித்தான். இருவரும் போன இடத்து மொழியில் எழுதித்தான் பெயர் வாங்கினார்கள்.

அப்புறம் ஒப்பந்தம். அரை வேலை என்று போட்டிருந்தால் பாதியாகக் குறைவது சம்பளம் மட்டும்தான், வேலை அல்ல. பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு வரை தற்காலிகமாகவே வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தச் சட்டத்தை விளக்கிய கல்வி அமைச்சக வீடியோ ஒன்றில் வந்த ஹன்னா என்ற கற்பனை ஆய்வாளரை முன்வைத்து, 2021-இல் 'நான்தான் ஹன்னா' என்று ட்விட்டரில் ஆய்வாளர்கள் பொங்கியது இதனால்தான். எனக்கு நீட்டிப்புக் கடிதம் கடைசி வாரம்வரை வரவில்லை, விசாவோ அதை நம்பி இருந்தது. முடிவுத் தேதியையும் நீட்டிப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேராசிரியர் நல்லவர் என்பதெல்லாம் விசா அதிகாரியிடம் செல்லாது.

மொழிக்கு நகராட்சி மாலை வகுப்பே போதும், மலிவும்கூட. என் பக்கத்து இருக்கையில் சிரியாவின் அலெப்போவில் நிருபராக இருந்த ஒருவர். வீட்டு வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகும் வாரப் பத்திரிகைதான் எங்களுக்குப் பாடநூல். முயல் வளர்ப்போர் சங்கக் கூட்டம், தீயணைப்புப் படை விழா என்று அதில் ஒன்றையும் விட மாட்டார்கள். இந்த ஊரில் பயிற்சி நிருபரை முதலில் முயல் சங்கத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்று ஆசிரியை சொன்னதும், போர்ச்செய்தி எழுதிய அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். உச்சரிப்பில் என்னை எங்கோ விட்டுவிட்டார். துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும் இடத்தில் மட்டும் திணறுவார். நமக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம், அதில் நான்தான் கெட்டி.