விதையில் முளைத்த திராட்சை புது ரகமா?

கேள்வி: கம்பம் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறோம். விதையில் தானாக முளைத்த ஒரு கொடி கருஞ்சிவப்பாகக் காய்த்திருக்கிறது. சிவப்பு ஒயினுக்கான புது ரகம் என்று சொல்லும் ஒரு ஏஜென்ட், பதிவுச் செலவுக்கு 60,000 ரூபாயும் நடுவதற்கு அந்தக் கொடியின் 300 குச்சிகளும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள்.

திராட்சை விதை தாயைப் போல முளைக்காது. அதனால்தான் காலங்காலமாகக் குச்சி நடுகிறோம். உங்கள் பன்னீர் திராட்சையே இரண்டு ரகங்கள் கலந்து பிறந்ததுதான். ஆகவே உங்கள் கொடி வேறு மாதிரி இருப்பதில் அதிசயமில்லை. அது ஒயினுக்கு ஆகுமா என்பதை நிறத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிரான்சில் 1961-ல் கலப்பு செய்த மார்செலான் என்ற சிவப்பு ஒயின் திராட்சை, பழம் சிறிதாக இருக்கிறதென்று ஒதுக்கப்பட்டு, 1990-ல்தான் பதிவானது. ஒரே காய்ப்பைப் பார்த்துத் தீர்ப்பு சொல்பவரை நம்பாதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். 2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி விவசாயி பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியதே இல்லை. இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லவேண்டியவர்கள் சொல்லாததால்தான் இந்த ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குச்சி விஷயம் இன்னும் ஆபத்து. புது ரகமாகப் பதிய வேண்டுமானால், விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டுக்கு முன்பே அது உங்கள் சம்மதத்தோடு இந்தியாவில் விற்பனைக்குப் போயிருக்கக்கூடாது. குச்சி மட்டுமல்ல, பழம் விற்றாலும் கணக்குத்தான். சோதனைக்காக நடுவது மட்டும் இதில் சேராது. ஆனால் கவனியுங்கள்: சோதனை என்றால் சோதனைதான். 'சோதனைக்கு' என்று வாங்கிப்போய் அந்த ஏஜென்ட் நர்சரியில் விற்றால், நீங்கள் சம்மதித்துக் கொடுத்தீர்களா இல்லையா என்பதில்தான் வழக்கே நிற்கும். எழுத்தில் இல்லாமல் ஒரு குச்சிகூட வெளியே போகவேண்டாம்.

இப்போதைக்கு, அடுத்த கவாத்தில், அதாவது கிளை வெட்டும்போது, கிடைக்கும் குச்சியில் பத்தை உங்கள் தோட்டத்திலேயே நடுங்கள். அவையும் இதே நிறத்தில் காய்க்கின்றனவா, மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோயைத் தாங்குகின்றனவா என்று பாருங்கள். கவாத்து செய்த நாள், பூத்த நாள், அறுத்த நாள் மூன்றையும் நோட்டில் குறித்து வையுங்கள். அப்புறம் அந்த நோட்டையும் இரண்டு குலையையும் எடுத்துக்கொண்டு ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு நீங்களே நேரில் போங்கள்.