பெயர் தெரியும் வெயில்

அன்புள்ள ஐயாவுக்கு,

கோவையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் புகைப்படம் எடுப்பேன். சென்ற நவம்பரில் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பின்சரிவில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அதிகாலையில் போயிருந்தேன். நல்ல மூடுபனி. சிலுவைகளும் சாய்ந்த கற்களும் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் நின்றன. இருநூறு படங்களுக்குமேல் எடுத்தேன்.

அதில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு எங்கள் புகைப்படக் குழுவின் கண்காட்சியில் மாட்டினோம். எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “இது யாருடைய கல்லறை அம்மா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் கல்லில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. அம்மாவுக்கு வேறு கோபம். “இடுகாட்டில் போய் என்ன படம்?” என்று கேட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் என்னை வீட்டுக்குள் விட்டார்.

இப்படிப் படம் எடுப்பது தவறா? எடுக்கலாம் என்றால் எந்த வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்? படத்தை இணைத்திருக்கிறேன்.

ம.,
கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

படம் அழகாக இருக்கிறது. பனியில் எடுக்கும்போது கேமரா தானாகவே எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். நீங்கள் ஒரு படி வெளிச்சம் கூட்டி வைத்து வெள்ளையை வெள்ளையாகக் காப்பாற்றியிருக்கிறீர்கள். தொழில் தெரிந்த கை.

ஆனால் அந்தப் பெரியவர் கேட்டது சரியான கேள்வி. பெயரை நிலைநிறுத்துவதற்காகத்தான் கல்லை நட்டார்கள். உங்கள் படத்தில் கல் இருக்கிறது, பெயர் இல்லை. இதில் உங்கள் தவறு பாதி, பனியின் தவறு பாதி. கல்லில் வெட்டிய எழுத்தை நம் கண்ணுக்குக் காட்டுவது அதன் பள்ளத்தில் விழும் நிழல். பனி வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரப்பிவிடுவதால் நிழலே விழாது. நூற்றைம்பது வருட மழையில் ஏற்கெனவே தேய்ந்து போன பள்ளம், அந்த வெளிச்சத்தில் அடியோடு மறைந்துவிடும். பாசியின் பச்சை, மரப்பட்டையின் ஈரம், கல்லின் நிறம் ஆகியவற்றுக்குப் பனியைப்போல வெளிச்சம் கிடையாது. பெயருக்கு அது ஆகாது.

இது நம் ஊருக்குப் பழைய சங்கதிதான். அகநானூற்றில் ஒரு பாலைப் பாட்டில் நடுகல் ஒன்று வருகிறது. மறவர்கள் அம்பு தீட்டித் தீட்டியே அதன் பக்கம் மெலிந்துவிட்டது. எழுத்து அரைகுறையாகத் தெரிகிறது. வழிப்போக்கர்கள் நின்று கூட்டிப் படிக்கப் பொறுமையின்றி, களைப்போடு கடந்து போய்விடுகிறார்கள். சென்ற நவம்பரில் நீங்கள் அந்த வழிப்போக்கர். கையில் கேமரா இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் பல வருடம் அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். வேண்டியது சாய்வெயில். கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற வெயில். புகைப்படக்காரர்கள் எல்லோரும் காலை ஏழு மணி, மாலை ஐந்தரை மணி என்று மந்திரம்போல ஓதுவார்கள். தரையில் படுத்திருக்கும் கல்லுக்கு அது சரி. நின்றுகொண்டிருக்கும் கல்லுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். கிழக்கு பார்த்து நிற்கும் கல்லுக்குக் காலை வெயில் நேர் முகத்தில் அடிக்கும், எழுத்து தட்டையாகிவிடும். அதே கல்லைப் பதினொன்றரை மணிக்குமேல் போய்ப் பாருங்கள். சூரியன் அதன் முகத்தைத் தாண்டிப் பின்பக்கம் போவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். படத்துக்கே ஆகாது என்று எல்லோரும் திட்டும் அந்த உச்சிவெயிலில்தான் பெயர் எழுந்து வரும்.

இன்னொரு சூட்சுமம். பக்கத்திலிருந்து வரும் வெயில் எழுத்தின் நெட்டைக் கோடுகளைக் காட்டும். மேலிருந்து வருவது படுக்கைக் கோடுகளைக் காட்டும். ஒன்றில் தெரியாத எழுத்து மற்றதில் தெரியும். ஆகவே ஒரே கல்லை இரண்டு வேளையில் எடுங்கள். கேமராவைக் கல்லுக்கு நேராக, அதன் நடு உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். அழகான கோணமெல்லாம் பிறகு.

நிழலிலேயே நிற்கும் கல்லுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும். மலையூர் ஒன்றின் சிறிய கல்லறைத் தோட்டத்துக்கு, கடையில் வெட்டி வாங்கிய ஒன்றரை அடிக் கண்ணாடியோடு போயிருந்தேன். அங்கே காவல் பார்த்தவர் முதலில் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். பிறகு, “கொடுங்க சார், நான் பிடிக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டார். பத்தடி தள்ளி வெயிலில் நின்று, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கல்லின்மேல் விட்டார். வெறும் சாம்பல் பலகையாக இருந்த இடத்தில் முதலில் ஒரு ‘எஸ்’ வந்தது, பிறகு அதன் பின்னால் வரிசை முழுவதும் வந்தது. அவர் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும், ஒரு வரி போய் வேறு வரி வரும். ஆண்டு 1867. கடைசியில் கண்ணாடியைத் தாழ்த்தியபோது, புல்லுக்குச் சற்று மேலே, கல் தச்சரின் பெயரும் ‘மதராஸ்’ என்ற சொல்லும் பொடி எழுத்தில் தெரிந்தன. இருபது வருடமாக அந்தக் கல்லைச் சுற்றிப் பெருக்குகிறவர் அவர். “மதராஸ்லேர்ந்தா? இவ்வளவு கனத்தை மலைமேல எப்படிங்க ஏத்தினாங்க?” என்றார். எனக்கும் அதே யோசனைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல். அப்படியானால் மாட்டு வண்டிதான். இறந்தவரைவிட அந்த வண்டிக்காரரைப் பற்றித்தான் அன்று நாங்கள் அதிக நேரம் பேசினோம்.

படுத்திருக்கும் கற்களுக்குச் சென்னை கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குப் போங்கள். 1680இல் கட்டி முடித்தது. அதைச் சுற்றித் தளம்போலக் கல்லறைப் பலகைகள் பாவியிருக்கும். ஒன்றில் 1652 என்ற ஆண்டே இருக்கிறது, தேவாலயத்தைவிட மூத்த கல். எப்படி? கோட்டைக்கு வெளியே, இப்போது பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு சுட்டது. முற்றுகை முடிந்ததும் இனி இந்த வம்பே வேண்டாம் என்று இடித்து, பெயர்ப் பலகைகளை மட்டும் தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். ஹைதர் அலியோடு போர் வந்தபோது பீரங்கி மேடைக்காக அவற்றிலும் சிலவற்றைப் பெயர்த்தார்கள். ஆள் ஓரிடம், பெயர் ஓரிடம். அந்தக் கற்களுக்கு மாலை நாலரைக்குமேல் போங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தேவாலயத்தின் நிழலே வடபக்கக் கற்களை மூடிவிடும். அவற்றுக்குக் கோடைக்காலம்தான் நல்லது. கோட்டைக்குள் ராணுவமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. அடையாள அட்டை கொண்டுபோங்கள், வாசலில் கேட்டுக்கொண்டு கேமராவை எடுங்கள்.

ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் பட்டியலாக வெளியிட்டார். அவர் காலத்தில் படிக்க முடிந்த பல கற்கள் இன்று வழவழப்பாகிவிட்டன. ஊருக்குக் கிளம்பும் முன்பு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவது என் வழக்கம். ஊட்டியில் நீங்கள் நின்ற அதே சரிவில்தான் ஹென்றியேட்டா சல்லிவனும் அவருடைய மகளும் கிடக்கிறார்கள், 1838இல் இறந்தார்கள். உங்கள் கோவைக்குக் கலெக்டராக இருந்து ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும். பனியில் அவர்களையும் நீங்கள் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.

செய்யக் கூடாதவற்றை என் பாவத்திலிருந்தே சொல்கிறேன். ஆரம்பத்தில் எழுத்து தெரிய வேண்டும் என்று ஒரு மணற்கல்லில் சாக்பீஸைக் குறுக்காகத் தேய்த்தேன். எழுத்து பளிச்சென்று வந்தது. மழை கழுவிவிடும் என்று நினைத்தேன். அடுத்த வருடம் போனபோதும் வெள்ளை அப்படியே பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. சாக்பீஸ், மாவு, சவர நுரை, எண்ணெய், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். பாசியைச் சுரண்டினால் அதோடு கல்லின் தோலும் வரும். தண்ணீர் தெளிக்கலாம், காய்ந்த சருகைக் கையால் ஒதுக்கலாம், அதற்குமேல் போகாதீர்கள். ஈய எழுத்து பதித்த சலவைக்கல்லில் எழுத்து உதிர்ந்து போயிருந்தால், அதைப் பிடித்திருந்த சிறு துளைகள் மிஞ்சியிருக்கும். துளைகளின் அமைப்பை வைத்தே எழுத்தைப் படித்துவிடலாம்.

தவறா என்று கேட்டீர்கள். பழைய கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் புதிய கல்லறைகளும் இருக்கின்றன. மண் இன்னும் அமுங்காத மேட்டையும், அதன் பக்கத்தில் நிற்கும் மனிதரையும் எடுக்காதீர்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியும் சாமந்தியுமாக எந்தப் பக்கம் திரும்பினாலும் படமாகத்தான் இருக்கும். அன்று கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தேவாலய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், சில சமயம் பழைய பதிவேட்டையே எடுத்துக் காட்டுவார்கள். கல்லறைமேல் உட்காருவது, பையை வைப்பது, கல்யாண ஜோடியைச் சாய்த்து நிறுத்துவது இவற்றைப் பற்றி நான் எழுதினால் கோபம் வந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

அம்மா சொன்னால் குளித்துவிடுங்கள். அதில் வாதாட ஒன்றுமில்லை, எப்படியும் உடம்பெல்லாம் புல்லும் மண்ணுமாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் படத்துக் கல். முகம் முழுக்கப் பாசி, பக்கங்களில் அவ்வளவு இல்லை. வெயில் அதிகம் படாத முகம். வடக்கு பார்த்து நிற்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் அதன்மேல் உச்சிவெயில் விழுவது ஏறக்குறைய ஏப்ரல் இருபதுக்குமேல் ஆகஸ்ட் இருபதுக்குள்தான். அப்போதுதான் நண்பகல் சூரியன் ஊட்டியின் தலைக்கு வடக்கே போகும். ஜூன் பிறந்தால் தென்மேற்கு மழை மேகம் மூடிவிடும். மிஞ்சுவது மே மாதம் ஒன்றுதான். காலையில் சூரியன் ஏறியதும் இடப்பக்கத்திலிருந்து வரும் வெயிலில் ஒரு படம் எடுங்கள். பிறகு பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டரைக்குள் மேலிருந்து இறங்கும் வெயிலில் இன்னொன்று. சீசன் கூட்டம் மலர்க் கண்காட்சிக்குப் போயிருக்கும், உங்களைத் தொந்தரவு செய்ய யாரும் வர மாட்டார்கள். மேகம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், ஊட்டியில் மேகம் வரும். அடுத்த நாளும் தங்குவதுபோல அறை போடுங்கள்.

அந்தப் பெரியவரின் தொலைபேசி எண் கண்காட்சிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.