ஓய்வுபெற்றபின் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கித் திருத்தலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கேட்பவர் அடுத்த வருடம் வேலையிலிருந்து ஓய்வுபெறுகிறார், தெரிந்தவர் ஒருவர் பழைய மரப் பாய்ப்படகு ஒன்றை அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கித் திருத்தினால் பொழுதும் போகும், பிறகு கடலிலும் ஓடலாம், இது நல்ல யோசனையா?

நான் இதைச் செய்தவன். 66 வயதில் தொடங்கி 68ஐத் தொடும்போது முடித்தேன். இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத்தில் இருக்கிறேன், 31 வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் மின்பராமரிப்பு வேலை. பிறந்தது வல்வெட்டித்துறை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் நம் ஆட்கள் எல்லாரும் "அப்ப உங்களுக்குப் படகு கைவந்த வேலைதானே" என்பார்கள். 1930இல் எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவர் கைக்குப் போய், பெயரும் மாறி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்தது உண்மை. ஆனால் அதைக் கட்டிய கைகள் வேறு, என் கை வேறு. எனக்கு ஒரு பலகையை நேராகச் சீவத் தெரியாது. பெரியப்பா வத்தைக்கு, அதாவது எங்கள் ஊர்ச் சின்ன மரப்படகுக்கு, கலப்பத்து அடிக்கும்போது (பலகை இடுக்குகளை அடைக்கிற வேலை) பஞ்சுத் திரியை எடுத்துக் கொடுத்ததும், குங்கிலியம் காய்ச்சுகிற மணமும்தான் எனக்கு மிச்சம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊர் ஞாபகத்தை வைத்துக்கொண்டு படகு வாங்கப் போகாதீர்கள். நான் போனேன்.

முதலில் எனக்கு வந்தது 28 அடிப் படகு. 1950களில் கட்டியது, ஓக் சட்டங்களின் மேல் லார்ச் பலகை, செப்பு ஆணி, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. படகுகளை வாடகைக்கு நிறுத்தி வைக்கிற ஓடைக்கரை யார்ட் ஒன்றில் எட்டு வருடமாகக் கட்டைகளின் மேல் நின்றது. சொந்தக்காரர் "காசே வேண்டாம், எடுத்துப்போனால் போதும்" என்றார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அந்த நேரம் நான் யோசிக்கவில்லை. யார்ட் வாடகை படகின் நீளத்துக்கு, மீற்றர் கணக்கில், மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் வேலை செய்தாலும் ஏறும், முதுகுவலி என்று வீட்டில் படுத்தாலும் ஏறும். வாய் முழுக்கப் பல்லாக நின்றுகொண்டு மனைவிக்கு அதைக் காட்டினேன். அவர் ஒருமுறை சுற்றிவந்து, அடியில் இருந்த துருவைப் பார்த்து, "இஞ்ச பாருங்கோ, உங்களுக்கு வேணுமெண்டது வள்ளமோ, வேலையோ?" என்று கேட்டார்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலும் அந்தக் கேள்விதான். கடலில் ஓடத்தான் ஆசை என்றால் இன்றைக்கே ஓடக்கூடிய நிலையில் இருக்கிற பைபர்கிளாஸ் படகு ஒன்றைப் பழையதாக வாங்குங்கள். அவை மலிவு, உக்காது, அடுத்த மாதமே கடலில் நிற்பீர்கள். காலையில் எழும்பினால் கைக்கு ஒரு வேலை வேண்டும், அது முடியாவிட்டாலும் பரவாயில்லை என்றால் மட்டும் பழுதான மரப்படகை வாங்குங்கள். இரண்டும் வேண்டும் என்று சொல்லி வாங்கியவர்களின் படகுகள்தான் அந்த யார்ட்டில் வரிசையாகத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றன.

அந்த 28 அடியை விட்டுவிட்டேன். ஒரு மாதம் மனம் கிடந்து அடித்தது. இப்போது நினைத்தால் தப்பினேன் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் நீளம் இரண்டு மடங்கானால் தேய்த்துப் பூசவேண்டிய பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு, ஒரு பலகையைக்கூடத் தனி ஆளாகத் தூக்க முடியாது. அதோடு படகு கவிழாமல் இருக்க அடியில் பாரமாகத் தொங்குகிற இரும்பு கீலைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் மரத்துக்குள்ளே எப்படி அரித்துப்போயிருக்கின்றன என்று வெளியில் இருந்து தெரியாது. ஒன்றையாவது கழற்றிப் பார்க்கவேண்டும் அல்லது எக்ஸ்ரே எடுக்கவேண்டும். படகுக்கு எக்ஸ்ரே! ஆஸ்பத்திரியில் 31 வருடம் இருந்தும் அப்படி ஒன்று நான் கேள்விப்படவில்லை.

கடைசியில் வாங்கியது ஒரு மிரர். தெரியாதவர்களுக்கு: டெய்லி மிரர் பத்திரிகை முன்னின்று 1963இல் கொண்டுவந்த சின்னப் பாய்ப்படகு இது. பிபிசி தொலைக்காட்சியில் வீட்டுத் திருத்த வேலைகளைச் செய்துகாட்டிப் பிரபலமாயிருந்த பரி பக்னெலும், ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும் சேர்ந்து போட்ட வடிவம். வெட்டிய ப்ளைவுட் துண்டுகளைப் பெட்டியில் அடைத்து 63 பவுண் 11 சிலிங்குக்கு விற்றார்கள், வாங்கியவர் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளவேண்டும். பலகை ஓரங்களில் துளை போட்டு, செப்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைத்து, மூட்டுகளின் மேல் கண்ணாடிநார்ப் பட்டியும் ரெசினும் பூசினால் உடல் தயார். 3.3 மீற்றர் நீளம், வெறும் உடல் 45 கிலோ சொச்சம், சிவப்புப் பாய். 70,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள், அதனால் உதிரிப் பாகம் இன்றைக்கும் கிடைக்கும், கேட்டால் சொல்லித்தரவும் ஆள் உண்டு. பாய்மரம் கட்டையாக இருக்கும், அதன்மேல் இன்னொரு கழி ஏறிப் பாயைத் தூக்கும், எங்கள் ஊரில் பருமல் என்போமே, கிட்டத்தட்ட அதுபோல. எல்லாக் கழிகளும் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும். முக்கியமாக, என் கராஜுக்குள் அடங்கியது. கார்தான் தெருவுக்குப் போனது.

விலை 120 பவுண், டிரெய்லரோடு. விற்றவர் "ஒரு கிழமை வேலை இருக்கும்" என்றார். எனக்கு 19 மாதம் எடுத்தது.

அவருடைய தோட்டத்தில் படகு வாய் மேலே பார்த்தபடி மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதைப் பார்த்ததுமே திரும்பியிருக்கவேண்டும். மரப்படகை உக்கவைப்பது கடல்நீர் இல்லை, மழைநீர். உப்பு ஏறிய மரத்தில் உக்கல் பூஞ்சணம் லேசில் பிடிக்காது. பழைய மரக்கப்பல்களில் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி வைத்தது அதற்காகத்தான். நன்னீர் தேங்கி, காற்றோட்டமும் இல்லாவிட்டால் முடிந்தது கதை. மிரரில் முன்னும் பக்கங்களிலும் மூடிய மிதவைத் தொட்டிகள் உண்டு, கவிழ்ந்தாலும் தாழாமல் வைத்திருக்க. அவற்றின் மூடிகளைக் கரையில் திறந்து வைக்கவேண்டும். இந்தப் படகில் யாரோ பல வருடமாக இறுக்கிப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

முதல்நாள் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாணாகத் தட்டினேன். நல்ல ப்ளைவுட் டொக் டொக் என்று திருப்பிச் சொல்லும். முன் தொட்டியின் அடிமூலைக்கு வந்ததும் சத்தம் தொப் என்று விழுந்தது. லேசாக அழுத்தினேன், பிடிவரை உள்ளே போய்விட்டது. திருகி எடுத்தபோது கூடவே வந்தது ஊறிய பாண் மாதிரி ஒரு கறுப்புப் பிசின், காளான் வாசம். பக்கத்தில் பெயின்டுக்குக் கீழே கார் உடலை நிரவுகிற பில்லரை அப்பி மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். பொலியெஸ்டர் பில்லர் தண்ணீரை உறிஞ்சி மரத்தோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே பார்க்க அழகாகவும் உள்ளே புண்ணாகவும் இருந்தது. அப்படி அப்பியவர் யாரென்று தெரியாது, ஆனால் அந்த மாரிகாலம் முழுக்க அவரை நான் வாயார வாழ்த்தினேன்.

உக்கலை வெட்டும்போது மனம் கஞ்சத்தனம் செய்யும். ஒரு கையளவு வெட்டி நிறுத்தப் பார்ப்பீர்கள். நல்ல மரம் வரும்வரை, அதற்கு அப்பாலும் கொஞ்சம் வெட்டவேண்டும். என் கையளவு ஓட்டை கடைசியில் ஒரு தேநீர்த் தட்டத்தைவிடப் பெரிதாக வந்து, கராஜ் நிலம் அதற்குள்ளால் தெரிந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பிறகு பழைய செப்புத் தையல்கள் பட்டிக்குக் கீழே பச்சைப் புள்ளிகளாக வரிசையாக நின்றதைக் கண்டேன், 50 வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் இருந்து ஒவ்வொன்றாக முறுக்கியது. அதில் கொஞ்சம் தெம்பு வந்தது.

புதுத் துண்டை ஒட்டும் விதம் முக்கியம். ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டினால் நிற்காது, இரண்டு ஓரங்களையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைக்கவேண்டும். ப்ளைவுட்டின் தடிப்புக்கு எட்டு மடங்கு சரிவு என்பது வழமையான கணக்கு, அதாவது 5 மில்லிமீற்றர்ப் பலகைக்கு 40 மில்லிமீற்றர். சரிவில் ப்ளைவுட்டின் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். கோடுகள் நேராக இருந்தால் சீவியது சரி, வளைந்தால் பிழை. நான் மூன்று துண்டு வீணாக்கினேன். நாலாவதில் கோடுகள் நேராக வந்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்.

ஒட்டுவதற்கு எப்பொக்சி, இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவிடுகிற பசை. அதைப் பற்றி மூன்று விஷயம், மூன்றும் பட்டுத் தெரிந்தது. குளிரில் அது இறுகாது. ஜனவரியில் கராஜ் 6 பாகையில் நிற்க, ஒட்டியது நாலு நாளாகத் தேன் மாதிரிக் கிடந்தது, பிறகு படகின் மேல் தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டி எண்ணெய் ஹீட்டர் ஒன்றை உள்ளே வைத்தேன் (மின்சாரக் கட்டணத்தை இங்கே எழுதவில்லை, வீட்டில் படிக்கக்கூடும்). அடுத்தது, இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம், அதை இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த பூச்சைப் பூசினால் தோல் தோலாக உரியும். பிறகு கையுறை. தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்து, வந்தது வந்ததுதான், அப்புறம் எப்பொக்சிப் பக்கமே போக முடியாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், நனைத்துத் தேயுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள். பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

வார்னிஷ், பெயின்ட், கயிறு இதெல்லாம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். பாய் பழையதாக ஒன்று வாங்கினேன்.

மொத்தச் செலவு 1,140 பவுண், படகின் விலை சேர்க்காமல். இன்றைக்கு விற்கப் போனால் 500 கிடைத்தால் அதிகம். மணித்தியாலக் கணக்கு வைத்திருந்தேன், 400ஐத் தாண்டியதும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இதை நட்டம் என்று நினைப்பவர் இந்த வேலைக்கு வராமல் இருப்பது நல்லது. எனக்கு ஓய்வுபெற்ற முதல் மூன்று மாதம் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறது. ஒன்பது மணிக்கே இரண்டாவது தேநீர், பிறகு சமையலறையில் மனைவிக்கு வேலை சொல்லிக் கொடுப்பது. படகு வந்தபின் அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

இன்னொன்று, எனக்குப் பாய் ஓட்டவே தெரியாது. ஊரில் வத்தையில் ஏறியிருக்கிறேன், ஓட்டியது பெரியப்பா. அதனால் திருத்தும் காலத்திலேயே இங்குள்ள பாய்ப்படகுச் சங்கமான றோயல் யொட்டிங் அசோசியேஷன் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு படிகளையும் படித்தேன், ஒவ்வொன்றும் இரண்டு நாள். என் வகுப்பில் எனக்கு அடுத்த வயதுக்காரருக்கு 34. முதல்நாளே இரண்டு தரம் தண்ணீரில் விழுந்தேன். நீங்களும் படகை வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் கடலோடுவது உங்களுக்குப் பிடிக்கவே இல்லை என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை.

இறக்கிய நாளைப் பற்றிக் கேட்பீர்கள். சிச்செஸ்டர் துறைமுகக் குடா, ஜூன் மாதம், நீரேற்றம் பார்த்துப் போனோம், நேரம் தவறினால் அங்கே சேறுதான். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கமராவோடு கரையில். தள்ளி ஏறினேன், காற்றும் பிடித்தது. பத்து நிமிடத்தில் படகு இடப்பக்கம் கனத்துக்கொண்டு போகிறது. என் ஒட்டு விட்டுவிட்டது என்றே நினைத்தேன், அந்த நாலாவது துண்டு, நேரான கோடுகள், எல்லாம் கண்முன்னால் வந்தது. தட்டுத்தடுமாறிக் கரைக்கு வந்து பார்த்தால் மிதவைத் தொட்டியின் அடைப்பானை நான் போடவே இல்லை. 19 மாதம் அந்தத் தொட்டி மூடிக் கிடக்கக்கூடாது என்று ஓதிக்கொண்டு திறந்தே வைத்திருந்த பழக்கம். அடைப்பான் என் காற்சட்டைப் பையிலேயே இருந்தது. ஒட்டில் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை.

இனி உங்கள் படகு. எத்தனை அடி, இப்போது எங்கே நிற்கிறது, அந்த இடத்துக்கு வாடகை யார் கட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கீழே எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன். 16 அடிக்கு மேல், கூரை இல்லாமல் வெளியில் நிற்கிறது என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். பார்க்கப் போகிறபோது ஸ்குரூ டிரைவர் ஒன்றும், வீட்டில் படகு ஆசை இல்லாத ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.