வினாத்தாள் யார் கையில்?

கேள்வி: எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பாடக்குறிப்பு என்று வைத்துவிட்டால், கிராமத்து மாணவருக்கும் நகரத்து மாணவருக்கும் ஒரே தரம் கிடைத்துவிடும். இதை எதிர்க்கும் பேராசிரியர்கள் பேசும் 'சுதந்திரம்' சோம்பலுக்கான சாக்குதானே?

பதில்: அச்சிட்ட குறிப்பை வாசித்துவிட்டுப் போவதுதான் ஆசிரியருக்கு ஆக எளிய வேலை. ஆகவே சோம்பேறி ஆசிரியர் உங்கள் யோசனையை எதிர்க்கமாட்டார். இருகை நீட்டி வரவேற்பார்.

பொதுப் பாடத்திட்டத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டம் இன்னொன்றுக்கு இணையாகக் கொள்ளப்படாமல் அரசு வேலை தேடுவோர் அலைக்கழிவது காரணமாகக் காட்டப்பட்டது. அந்தத் துன்பம் உண்மையானது. ஆனால் அதைத் தீர்க்கத் தாள்களும் அடிப்படைப் பகுதிகளும் ஒத்திருந்தால் போதும். எந்த நூலைக் கொண்டு, எந்த எடுத்துக்காட்டைச் சொல்லி நடத்துவது என்பதுவரை மேலிருந்து வகுத்துத் தர வேண்டியதில்லை. இந்தியக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி ஆணையம் 1966இல் பரிந்துரைத்து, 1978இல் லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி போன்றவை பெற்ற தன்னாட்சியின் சாரமே தாமே பாடம் வகுத்துத் தாமே தேர்வு நடத்துவதுதான் என்பதால், தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

நீங்கள் கவலைப்படும் கிராமத்துக் கல்லூரிக்கு வருவோம். பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரிகளில் ஒரே பாடத்திட்டமும் ஒரே வினாத்தாளும் பல்லாண்டுகளாகவே இருக்கின்றன. தரம் சமமாகிவிட்டதா? ஐந்து அலகுகள், அலகுக்கு இத்தனை இரண்டு மதிப்பெண் வினாக்கள் என்று கணக்குப் போட்டு, பழைய வினாத்தாள்களைத் தொகுத்து விற்கும் வழிகாட்டிகள்தாம் பல இடங்களில் பாடநூலாகியிருக்கின்றன. பாடம் நடத்தியவர், யாரோ தயாரித்த வினாத்தாளைத் தேர்வு நாளில்தான் பார்க்கிறார். அதில் வராத ஒன்றை அவர் நடத்தினால் மாணவரே முகம் சுளிப்பார். அண்ணா பல்கலைக்கழகம் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கான அகமதிப்பீட்டை, அதாவது கல்லூரியே இடும் மதிப்பெண்ணின் பங்கை, 20 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்த்தியது இந்த இறுக்கத்தைச் சற்றே தளர்த்தும் வழி. அகமதிப்பீட்டில் மதிப்பெண்ணை வாரி வழங்கும் கல்லூரிகள் உண்டு என்பீர்கள்; அதைத் தடுக்க விடைத்தாள்களை வெளியார் மறுபார்வை செய்யலாமே தவிர, வகுப்பறையைப் பூட்டக்கூடாது.

பணி நீட்டிப்புக்காக ஆண்டுதோறும் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரையும் நினைத்துப் பாருங்கள். குறிப்பு எங்கும் ஒன்றாகிவிட்டால், அவருக்குப் பதில் வேறொருவரை நிறுத்துவது நிர்வாகத்துக்கு இன்னும் எளிதாகும். தரத்தைப் பற்றித்தான் உங்கள் அக்கறை என்றால், உங்கள் ஊர்க் கல்லூரியில் நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை, நூலகத்துக்குக் கடைசியாகப் புத்தகம் வாங்கியது எந்த ஆண்டு என்று விசாரித்து எழுதுங்கள், வெளியிடுகிறேன்.